சுவருக்குள் சுத்தியல்: நியூயோர்க்கின் ஆவிச் சூடும் அதன் சத்தமும்

எங்கட பெரியம்மாவின்ர மகள் நியூயோர்க்கில் படிக்கிறா. புரூக்ளினில் 1920களில் கட்டின ஒரு பழைய தொடர்மாடியில வாடகைக்கு இருக்கிறா. போன மார்கழியில ஒருநாள் அவவோட வீடியோவில கதைச்சுக்கொண்டிருக்கேக்க பின்னால 'டங், டங், டடங்' எண்டு ஒரு சத்தம். ஆரோ இரும்புக் குழாய்க்கு சுத்தியலால அடிக்கிற மாதிரி. "மேல்வீட்டுக்காரர் ஏதும் திருத்தினமோ அக்கா?" எண்டு கேட்டன். "இல்லையடா, இது ரேடியேற்றர். விடிய அஞ்சு மணிக்கே தொடங்கீடும்" எண்டு சலிச்சுக்கொண்டா.

ரேடியேற்றர் எண்டால் எனக்கு அதுவரைக்கும் வாகனத்துக்கு முன்னால இருக்கிறதுதான். வீட்டுக்குள்ள அது என்ன செய்யுது, ஏன் சத்தம் போடுது எண்டு தேடப்போனதில நூற்றைம்பது வருசக் கதையொன்று வந்து மாட்டியது.

நிலக்கீழ் அறையில ஒரு பொயிலர் இருக்கும். அதில கொதிக்கும் தண்ணீர் ஆவியாகி, குழாய்வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறி, வார்ப்பிரும்பு ரேடியேற்றருக்குள் புகும். பம்ப் ஒன்றும் தேவையில்லை. தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவதால் தானே மேலே போய்விடும். குளிர்ந்த இரும்பில் பட்டதும் திரும்பத் தண்ணீராகும். சூடு கிடைப்பது அந்த மாற்றத்தில்தான். இடியப்பச் சட்டியின்ர மூடியைத் திறக்கேக்க கையில ஆவி பட்டவைக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுடுதண்ணி பட்டதை விட அது மோசமாச் சுடும். ஏனெண்டால் ஆவி தோலில் தண்ணீராக மாறும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை முழுக்க அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது.

ரேடியேற்றரை உருவாக்கியவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் பிரான்ஸ் சான் கல்லி. 1850களில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் தொழில் செய்தவர். ஆனால் ஆவியை ஒரு நகரத்துக்கே விற்கலாம் என்று காட்டியவர் பேர்ட்சில் ஹொலி. நியூயோர்க் மாநிலத்தின் லொக்போர்ட் என்ற சிறு நகரத்தில், 1877இல், ஒரே பொயிலரிலிருந்து நிலத்துக்கடியால் பல கட்டடங்களுக்குச் சூடு அனுப்பினார். ஐந்து வருடம் கழித்து, 1882இல், மன்ஹாட்டனிலும் இது தொடங்கியது. இன்றைக்கும் அந்த நகரத் தெருக்களின் கீழே நூறு மைலுக்கு மேல் ஆவிக்குழாய்கள் ஓடுகின்றன. படங்களில வீதியில இருந்து புகை எழும்பிற காட்சி பார்த்திருப்பீங்கள். அதில பாதி இந்த ஆவியின்ர வேலை.

அக்காவின் தொடர்மாடி அந்தக் குழாயில் சேர்ந்ததில்லை, அதுக்குச் சொந்தப் பொயிலர். ஒவ்வொரு ரேடியேற்றருக்கும் ஒரே ஒரு குழாய். ஆவி ஏறுவதும் தண்ணீர் இறங்குவதும் அதே குழாயில்தான். ஒரு ஒழுங்கைக்குள்ள எதிரும் புதிருமா ரெண்டு லொறி போற மாதிரி யோசியுங்கோ. சரிவு சரியாக இருந்தால் தண்ணீர் அடியால் அமைதியாக வழிந்துபோகும், ஆவி மேலால் போகும். எங்கேயாவது தண்ணீர் தேங்கினால் வேகமாக வரும் ஆவி அதை அள்ளிக்கொண்டு போய் அடுத்த முழங்கையில் மோதும். அதுதான் அந்தச் சுத்தியல்.

தண்ணீர் ஏன் தேங்குது? பழைய கட்டடங்களில நிலம் மெல்ல மெல்லச் சாய்ஞ்சிடும். அக்காவின்ர அறையில போளை ஒண்டை விட்டால் அது தானா யன்னல் பக்கம் உருளும். ரேடியேற்றரும் அதே பக்கம் சாய்ஞ்சிருந்தது, வால்வு இருக்கிறதோ மற்றப் பக்கம். இன்னொன்று, சூடு கூடிப்போச்சு எண்டு அக்கா வால்வைப் பாதி மூடி வைச்சிருக்கிறா. ஒற்றைக் குழாய் முறையில் இது செய்யவே கூடாது. ஒன்றில் முழுக்கத் திறக்க வேணும், இல்லாட்டி முழுக்க மூட வேணும். பாதி திறந்தால் இறங்குகிற தண்ணீருக்கு வழியில்லை.

வால்வை மூடி, இரும்பு ஆறும்வரைக்கும் பொறுத்து, வால்வுக்குத் தூரமான கால்களுக்குக் கீழ மெல்லிய பலகைத் துண்டு ரெண்டு வைச்சா. போனில இருக்கிற மட்டம் பார்க்கிற செயலியால சரிவைப் பார்த்தா. பிறகு வால்வை முழுக்கத் திறந்தா. அடுத்த நாள் விடிய அறைக்குள்ள சத்தம் இல்லை. 'ஸ்ஸ்' எண்ட சீறல் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. அது பிழையில்லை. ஆவி வர உள்ளே இருந்த காற்று சின்னக் காற்றுவால்வால் வெளியேறுவதுதான். விடாமச் சீறினாலோ தண்ணி துப்பினாலோதான் அந்த வால்வை மாத்த வேணும்.

சரி, அப்ப சூடு ஏன் அவ்வளவு கூடிப்போச்சு? எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்.

அடைபட்ட அறையின் காற்றே நோய் என்ற பயம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பலமாக இருந்தது. அடிமை முறைக்கு எதிரான நாவலால் பெயர்பெற்ற ஹரியற் பீச்சர் ஸ்ரோவும் அவரது அக்கா கதரினும் 1869இல் எழுதிய வீட்டுப் பராமரிப்பு நூலில் காற்றோட்டம் பெரிய விசயமாக வருகிறது. பிறகு 1918இல் பெரும் இன்புளுவென்சா. நியூயோர்க்கில் மட்டும் 20,000க்கு மேற்பட்டோர் செத்தார்கள். யன்னலைத் திறந்து வையுங்கள் என்பதே அறிவுரை, உறைபனிக் காலத்திலும்கூட. ஆவிச் சூட்டின் வரலாற்றைத் தோண்டியெடுத்த டான் ஹொலஹான், அதற்குப் பிறகு வந்த பொறியியல் கைநூல்களைப் படித்துவிட்டு ஒன்றைச் சொல்கிறார்: வருடத்தின் மிகக் குளிரான நாளில், யன்னல்கள் திறந்திருக்கையிலும் வீடு சூடாக இருக்கும்படி பொயிலரும் ரேடியேற்றரும் பெரிசாகப் போடப்பட்டன. கொள்ளைநோய் போய்விட்டது, இரும்பு அங்கேயே இருக்குது. நிலக்கரி போய் எண்ணெயும் வாயுவும் வந்த பிறகும் அதே பெரிய ரேடியேற்றர்கள்தான். அதனால்தான் இன்றைக்கும் மாசிப் பனியில் யன்னலைத் திறந்துவிட்டு இருக்கிற ஆட்களை அந்த நகரத்தில் காணலாம். வீணாக்குகிறார்கள் என்று நினைக்கிறோம். அந்த இயந்திரத்தை அப்படிப் பாவிக்கத்தான் கட்டினார்கள்.

ஆனால் இதை வெறும் வேடிக்கைக் கதையாக எழுத எனக்கு மனமில்லை. 2007 யூலை 18இல், கிராண்ட் சென்றல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1924இல் புதைத்த ஆவிக்குழாய் ஒன்று வெடித்தது. மழைத்தண்ணீர் குழாயைக் குளிரவைக்க, உள்ளே தேங்கிய தண்ணீரை ஆவி மோதியடித்தது. அக்காவின் அறையில் கேட்ட அதே சுத்தியல்தான், பல மடங்கு பெரிது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். வீட்டுப் பொயிலரில் அழுத்தம் மிகக் குறைவு, சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் இருந்தாலே போதும். கார் ரயரில இருக்கிறது 30 அளவு. அப்படியிருந்தும் 2016 மார்கழியில், பிரொங்ஸில் வீடற்ற குடும்பமொன்றைத் தங்கவைத்திருந்த அறையில், ரேடியேற்றரின் வால்வு பழுதாகி ஆவி நிரம்பியதில் ஒன்றும் இரண்டும் வயதான இரண்டு சகோதரிகள் இறந்துபோனார்கள்.

நியூயோர்க் சட்டப்படி ஒக்ரோபர் 1இலிருந்து மே 31 வரை வீட்டுக்காரர் சூடு கொடுத்தே ஆகவேணும். வெளியே குளிர்ந்தால் பகலில் உள்ளே 20 பாகை செல்சியசாவது இருக்க வேணும். பொயிலரின் சாவியோ வாடகைக்காரரிடம் இல்லை. எவ்வளவு சூடு, எத்தனை மணிக்கு, எந்தக் குழாயைத் திருத்துவது, எல்லாம் கீழே இன்னொருவர் கையில். உள்ளே இருப்பவரால் முடிந்தது ரெண்டு பலகைத் துண்டு வைக்கிறதுதான்.

போன கிழமை அக்காவோட கதைக்கேக்க திரும்பவும் 'டங்' எண்டு கேட்டது. இந்த முறை சுவருக்குள்ள இருந்து. நிலக்கீழ் அறையில குழாய் தொய்ஞ்சிருக்க வேணும், தாங்கி கழண்டிருக்கும். வீட்டுக்காரருக்கு ரெண்டு தரம் எழுதியாச்சாம், பதிலில்லை. சத்தத்தைப் போனில பதிவு செய்து, திகதி, நேரத்தோட வைச்சிருக்கச் சொன்னன். "நாற்பத்திரண்டு பதிவு இருக்கடா" எண்டு சிரிச்சா.