பூட்டானின் வளர்ச்சித் திட்டங்களில் நிலைத்தன்மை மதிப்பீடு

பூட்டானில் ஐந்தாண்டுத் திட்டங்கள் 1961இல் தொடங்கின. முதலிரண்டு திட்டங்களின் செலவு முழுவதையும் இந்தியா ஏற்றது. சாலை போடுவதே அன்றைய தலையாய வேலை. வண்டி போக வழியில்லாத மலைநாட்டில் நிலைத்தன்மையைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க முடியாது.

முதலில் கணக்கில் வந்தது காடு. 1969ஆம் ஆண்டின் வனச் சட்டம் காடுகளை அரசின் பொறுப்பில் கொண்டுவந்தது. நிலப்பரப்பில் 60 விழுக்காடாவது எக்காலமும் காடாக இருக்க வேண்டும் என்று 2008இல் அரசியலமைப்பே விதித்தது. இப்போது ஏறத்தாழ 70 விழுக்காடு காடுதான். இதில் வருவாயும் அடங்கியிருக்கிறது: இந்தியாவுக்கு விற்கும் நீர்மின்சாரம் இந்த மலைக்காடுகளின் ஆறுகளை நம்பியது.

மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிட மொத்தத் தேசிய மகிழ்ச்சியே பெரிது என்று நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 1970களில் அறிவித்தது நெடுங்காலம் முழக்கமாகவே நின்றது. 2008இல் திட்டக் குழு, மொத்தத் தேசிய மகிழ்ச்சி ஆணையமாக மாறிய பிறகே அதற்கு அளவுகோல் கிடைத்தது. ஒன்பது துறைகள், 33 குறிகாட்டிகள் கொண்ட குறியீட்டெண் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 0.743 ஆக இருந்து, 2022இல் 0.781 ஆனது.

ஆனால் இந்த எண், நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். ஒப்புதலுக்கு முன்பே குறுக்கே நின்று கேள்வி கேட்பது கொள்கைச் சோதனைப் பட்டியல். சமத்துவம், ஊழல், நீர் மாசு, மன அழுத்தம் என 22 அம்சங்களில் ஒவ்வொரு கொள்கைக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் இடப்படும். பாதிப்பில்லை என்றால் 3. ஆகவே 66ஐத் தொடாத கொள்கை தேறாது. உலக வணிக அமைப்பில் சேரும் யோசனையை இதில் இட்டுப் பார்த்தபோது, அதுவரை ஆதரித்துவந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் எதிர்ப்பக்கம் போனார்கள். மதிப்பெண் இடுவோரின் கணிப்பையே நம்பியிருப்பது இம்முறையின் பலவீனம். என்றாலும், வருமானத்தைத் தவிர வேறெதையும் கேட்காத கூட்டத்தில் அந்த முடிவு மாறியிருக்காது.

2022இன் நிர்வாகச் சீரமைப்பில் ஆணையம் கலைக்கப்பட்டது. இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் பெருமளவில் வெளியேறிவரும் சூழலில் 2024இல் தொடங்கிய 13ஆம் திட்டம், 2034க்குள் உயர்வருமான நாடாவதை நீண்டகால இலக்காகக் கொண்டுள்ளது. மகிழ்ச்சி என்ற அடைமொழி அந்த இலக்கிலும் தொடர்கிறது.