பச்சை ஸ்டாம்ப்பிலிருந்து ப்ரமோஷன்ஸ் டேப் வரை

ஜிமெயில்ல ப்ரமோஷன்ஸ் டேபை ஒருமுறை திறந்து பாருங்க. எப்பவோ ஒரே ஒரு சார்ஜர் வாங்கிய சைட், இன்னமும் "உங்களை மிஸ் பண்றோம்" என்று மெயில் போட்டுக்கொண்டிருக்கும். ஒரு சார்ஜருக்கு இவ்வளவு பாசமா?

இந்தப் பாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய எபிசோட்.

1896-க்குப் போவோம். அமெரிக்காவில் தாமஸ் ஸ்பெர்ரி, ஷெல்லி ஹட்சின்சன் என்ற இருவர் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அவர்கள் விற்றது பச்சை ஸ்டாம்ப். கடைக்காரர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கி, 10 சென்ட்டுக்கு ஒரு ஸ்டாம்ப் என்று வாடிக்கையாளருக்குத் தருவார்கள். 1,200 ஸ்டாம்ப் ஒட்டினால் ஒரு புத்தகம் நிறையும். நிறைந்த புத்தகங்களைக் கொடுத்து வீட்டுச் சாமான் வாங்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஒவ்வொரு ஸ்டாம்ப்புக்கும் கடைக்காரர் பையிலிருந்து காசு போகிறது. அதனால், இது நமக்குக் கட்டுப்படியாகுமா என்று அவர் கணக்குப் பார்த்தே ஆகணும். பிரிட்டனில் டெஸ்கோ 1963-ல் கிரீன் ஷீல்டு ஸ்டாம்ப்பில் சேர்ந்தது. 1977-ல் அதைக் கைவிட்டு, அந்தச் செலவை விலைக் குறைப்புக்குத் திருப்பியது.

அதே டெஸ்கோ 1995-ல் கிளப்கார்டு கொண்டுவந்தது. போட்டியாளரான செயின்ஸ்பரியின் தலைவர், இது வெறும் எலெக்ட்ரானிக் கிரீன் ஷீல்டு ஸ்டாம்ப்தானே என்று கிண்டல் அடித்தார். அடுத்த வருஷமே அவர் கம்பெனியும் ஒரு கார்டு போட்டது!

ஏன்னா, நீங்கள் யார் என்று ஸ்டாம்ப்புக்குத் தெரியாது, கார்டுக்குத் தெரியும். கிளைவ் ஹம்பி, எட்வினா டன் தம்பதி டேட்டாவை அலசிக் காட்டியபோது, தான் 30 வருஷத்தில் அறிந்ததைவிட இவர்கள் மூன்றே மாதத்தில் அதிகம் அறிந்துவிட்டார்களே என்று டெஸ்கோ தலைவர் மெக்லாரின் மிரண்டுபோனார். ஆனாலும் கூப்பன்கள் தபாலில்தான் போயின. பேப்பர், பிரின்டிங், தபால் செலவு எல்லாம் உண்டு. தேவையில்லாதவருக்கு அனுப்பினால் நஷ்டம்.

இந்தத் தடுப்பை உடைத்தது மெயில். அதன் முன்னோட்டம் 1978 மே 3-லேயே நடந்துவிட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் கேரி துர்க், புது கம்ப்யூட்டரை விளம்பரப்படுத்த ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலைக் குறிவைத்தார். புகார் குவிந்தது. ஆனால் விற்பனையும் நடந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் பத்து லட்சம் பேருக்கு அனுப்பினாலும் லூப் ஒண்ணுதான். செலவு பெரிசா ஏறாது. ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலே லாபம் என்றால், மீதி 999 பேரின் எரிச்சல் யார் கணக்கில் வரும்? கிளிக் பண்ணினவரை டாஷ்போர்டு காட்டும். சலித்துப்போய், இனி இந்தக் கடையே வேண்டாம் என்று சத்தமில்லாமல் நகர்ந்தவரை அது காட்டாது. விசுவாசத்தை வளர்க்கக் கிளம்பியவர்கள் அதை இழப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

சட்டமும் இதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. 2002-ல் வந்த ஐரோப்பிய விதி, முன் அனுமதி இல்லாமல் விளம்பர மெயில் கூடாது என்றது. ஆனால் ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவருக்கு அதே மாதிரிப் பொருளை விளம்பரம் செய்யலாம், அவர் மறுக்க வழி மட்டும் இருக்கணும் என்று ஒரு விலக்கும் வைத்தது. அமெரிக்காவின் 2003 சட்டம் முன் அனுமதியே கேட்கவில்லை. நிறுத்தச் சொன்னால் 10 வேலை நாளுக்குள் நிறுத்தணும், அவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் கணக்கை மாற்றின. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை, அதாவது ஆயிரத்துக்கு மூன்றைத் தொடக் கூடாது. தாண்டினால் அவர்கள் அனுப்பும் மற்ற மெயில்களும் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர்வது கஷ்டம். பச்சை ஸ்டாம்ப் காலத்தில் இருந்த அந்த விலை, வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கு.

அதனால் பிடிக்காத மெயிலை அப்படியே விட்டுவிடாதீங்க. முதலில் அன்சப்ஸ்கிரைப் பண்ணுங்க. அப்புறமும் வந்தால் ஸ்பேம் பட்டனைத் தட்டுங்க. ஆயிரத்துக்கு மூணுல நீங்களும் ஒருத்தர்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுக்காக நான் உங்களுக்கு மெயில் போட மாட்டேன்!