அப்பாவின் 'டோர்', மகளின் 'டோ'



இந்த மாதம் ஒரு சின்ன விடயத்தோடு உங்களிடம் வந்திருக்கிறேன். சின்ன விடயம் என்றாலும், பிள்ளைகள் உள்ள எங்கள் வீடுகளில் ஏதோ ஒரு வடிவத்தில் நடக்கின்ற விடயம்தான்.

என்னுடைய மகள் இங்கே இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் வீட்டுவேலை கொண்டுவந்தாள். கதவைக் குறிக்கும் 'டோர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு ஓசை ஒத்துவரும் சொற்கள் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் 'றைம்' என்கிறார்களே, அதுதான். நான் உற்சாகமாக "புளோர், மோர், ஸ்ரோர்" என்று அடுக்கினேன். அவள் அவற்றை எழுதிவிட்டு, தானாக இன்னும் மூன்று சொல் சேர்த்தாள். கண்டதைச் சொல்லும் 'சோ', விலங்கின் பாதமாகிய 'போ', படம் கீறுவதைச் சொல்லும் 'ட்றோ'.

"பிள்ளை, இது பிழை. இதுகளின்ரை கடைசியில 'ஆர்' எழுத்து இல்லையே" என்றேன்.

"இல்லை அப்பா, நீங்கள் சொல்லுறதுதான் பிழை. 'டோர்' இல்லை, 'டோ'!"

மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நாள் கொப்பி திரும்பி வந்தபோது ஆறு சொற்களுக்கும் ஆசிரியை சரி போட்டிருந்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் குத்தியது. ஊரில் ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுத்தவன் நான். அதன்பிறகு பெற்றோர் சந்திப்புக்குப் போனால் வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. மகள்தான் எனக்காகக் கதைத்தாள்.

அந்தக் கூச்சம்தான் என்னை நூலகத்துக்குக் கொண்டுபோனது. அங்கே படித்து அறிந்தவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் றைம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு சொல்லில் அழுத்திச் சொல்லப்படும் உயிரோசை தொடங்கிக் கடைசி வரைக்கும் இரண்டு சொற்களின் ஓசை ஒன்றாக இருந்து, அந்த உயிருக்கு முன்னால் உள்ள மெய்யோசை மட்டும் வேறுபட்டால் அது முழு இயைபு. 'கற்' (பூனை), 'ஹற்' (தொப்பி) என்பவை அப்படி. எழுத்துக்கூட்டல் இதில் சேர்த்தி இல்லை. இரவைக் குறிக்கும் 'நைற்'றும் பட்டத்தைக் குறிக்கும் 'கைற்'றும் எழுத்தில் ஒன்றையொன்று முழுதாக ஒத்திராதவை. காதுக்கு அவை முழு இயைபு. ஓசை முழுதாக ஒத்துப்போகாமல் உயிரோ மெய்யோ சற்று விலகி நின்றால் அது கிட்டிய இயைபு.

எங்கள் தமிழுக்கு இது புதிதல்ல. மோனை, எதுகை, இயைபு ஆகியவற்றைத் தொல்காப்பியமே சொல்கிறது. முதலெழுத்து ஒத்துவருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒத்துவருவது எதுகை, அடியின் இறுதி ஒத்துவருவது இயைபு. அதே எழுத்து வராமல் அதன் இன எழுத்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று 'இன எதுகை'க்கும் எங்கள் யாப்பிலக்கணம் இடம் கொடுத்தது. கிட்டிய இயைபைப் போன்ற ஒன்றை எங்கள் இலக்கணகாரர் எப்போதோ ஏற்றுக்கொண்டு விட்டார்கள் என்று சொல்லலாம்.

ஆங்கிலேயருக்கோ இந்த இறுதி இயைபு தொடக்கத்தில் சொந்தச் சொத்தாக இருக்கவில்லை. 'பேயோவுல்ஃப்' போன்ற பழைய ஆங்கிலப் பாடல்கள் கிட்டத்தட்ட எங்கள் மோனையைப் போல, சொல்லின் முதல் ஓசை ஒத்துவரும்படி கட்டப்பட்டவை. 1066 இல் நோர்மானியர் பிரான்சிலிருந்து வந்து நாட்டைப் பிடித்தார்கள். பிரெஞ்சுப் பாடல்களின் செல்வாக்கில், முன்பு அரிதாக இருந்த இறுதி இயைபு ஆங்கிலத்தில் வேரூன்றியது. 1400 இல் இறந்த சோசரின் காலத்தில் அது ஆங்கிலக் கவிதையின் பொது வழக்காகிவிட்டது. வந்தவர்களின் ஓசை வீட்டுக்காரரின் ஓசையாகிப் போன கதை இது.

பிறகு இயைபுச் சொற்களைத் தேட அகராதிகளும் வந்தன. 1570 இல் பீற்றர் லெவின்ஸ் என்பவர் சொற்களை அவற்றின் இறுதியை வைத்து வரிசைப்படுத்தி ஓர் ஆங்கில-இலத்தீன் அகராதி செய்தார். 1775 இல் ஜோன் வோக்கர் வெளியிட்ட அகராதிதான் மிகவும் புகழ்பெற்றது. இவர் முன்பு நாடக நடிகராக இருந்து, பின்பு பேச்சுக்கலை படிப்பித்தவர். சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரிசைப்படுத்தினார். அதோடு முழு இயைபுகளைத் தனியாகவும், 'அனுமதிக்கத்தக்க' இயைபுகளைத் தனியாகவும் பட்டியலிட்டார்.

இதே வோக்கர் 1791 இல் உச்சரிப்பு அகராதி ஒன்றையும் வெளியிட்டார். அதில் ஸ்கொற்லாந்துக்காரர், அயர்லாந்துக்காரர், இலண்டன்காரர் ஆகியோர் தங்கள் தங்கள் உச்சரிப்புக் குறைகளை நீக்கிக்கொள்ள விதிகள் எழுதியிருக்கிறார். இலண்டன்காரருக்கும்தான்! இலண்டன் பேச்சில் சொல்லின் உள்ளே வரும் 'ஆர்' ஓசை மங்கி, முன்னுள்ள உயிர் நீண்டுவிடுகிறது என்றும் அவர் குறித்து வைத்தார். என்னுடைய மகள் விழுங்கிய அதே 'ஆர்' தான்.

இந்த இடத்தில் ஜோன் கீற்ஸின் கதையைச் சொல்ல வேண்டும். இன்று ஆங்கிலப் பெருங்கவிஞர் வரிசையில் வைக்கப்படுபவர். 1795 இல் இலண்டனில் பிறந்தவர். தகப்பன் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். கீற்ஸ் மருந்தாளராகப் பயின்றவர். 1817 இல் வந்த முதல் தொகுப்பிலே, 'மேலும் உயர்ந்த' என்று பொருள்படும் 'ஹையர்' என்ற சொல்லைத் 'தலையா' என்ற கிரேக்கத் தேவதையின் பெயரோடு இயைபாக வைத்தார். 'ஹையா, தலையா' என்று அவருடைய காதில் அது முழு இயைபு. எழுத்தைப் பார்த்து வாசிப்பவருக்கோ அது பிழை.

அடுத்த வருடம், 1818 இல், எடின்பரோவில் இருந்து வந்த சஞ்சிகை ஒன்று அவரைக் 'கொக்னி'க் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று ஏளனம் செய்தது. கொக்னி என்பது இலண்டன் எளிய மக்களுடைய பேச்சுக்குப் பெயர். அந்தக் கூட்டத்தின் இயைபுகளையும் நக்கலடித்து, மருந்துக் கடைக்கே திரும்பிப் போகச் சொல்லி எழுதினார் விமர்சகர். கவிதையோடு நில்லாமல் அவருடைய பிறப்பும் படிப்பும் அங்கே பழிக்கப்பட்டன. 1821 இல், 25 வயதில், காச நோயால் உரோமாபுரியில் கீற்ஸ் இறந்தார்.

பிறகு என்ன நடந்தது? 1922 இல் பிபிசி வானொலி தொடங்கியபோது 'நல்ல ஆங்கிலம்' என்று கருதப்பட்ட உச்சரிப்பில் அந்த 'ஆர்' இல்லை. ஒரு காலத்தில் குறை என்று சொல்லப்பட்டது நூறு வருடத்தில் படித்தவர் பேச்சாகிவிட்டது. அந்த 'ஆர்'ஐ இன்னும் சொல்பவர்கள் இங்கிலாந்தின் சில மூலைகளில் நாட்டுப்புறத்தார் எனப்பட்டார்கள். ஆனால் ஸ்கொற்லாந்திலும் அயர்லாந்திலும் கனடாவிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் அந்த 'ஆர்' இன்றும் உயிரோடு இருக்கிறது. ரொறொன்ரோவில் இருக்கும் என் தங்கையின் பிள்ளையைக் கேட்டால் 'டோர்' வேறு, 'சோ' வேறு என்றுதான் சொல்லும். அந்த விடயத்தில் மருமகள் மாமனின் கட்சி!

இன்னொரு சான்று எனக்கு மிகவும் பிடித்தது. அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர் 1714 இல் விரிவாக்கி வெளியிட்ட ஒரு நெடும்பாடலில், 'ரீ' என்று இன்று சொல்கின்ற தேநீரை, கீழ்ப்படிவதைக் குறிக்கும் 'ஒபே' என்ற சொல்லோடு இயைபாக வைத்திருக்கிறார். இன்று வாசித்தால் ஒட்டாது. அன்று அந்தச் சொல்லை அவர்கள் 'ரே' என்று சொன்னார்கள். சீனத்தின் தென்கரைப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்த சொல் அது. எங்கள் 'தேத்தண்ணி'யில் உள்ள 'தே'யும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயர் மாற்றிவிட்ட உயிரோசையை எங்கள் குசினி இன்னும் வைத்திருக்கிறது.

இப்படிப் பழைய இயைபுகளை ஒப்பிட்டுத்தான் அறிஞர்கள் அந்தக் கால உச்சரிப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த ஆய்வை வைத்து 2004 இல் இலண்டன் குளோப் அரங்கில் சேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியற் நாடகத்தைப் பழைய உச்சரிப்பிலேயே மேடையேற்றினார்கள்.

கிட்டிய இயைபுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் அதை விரும்பிக் கையாண்டவர். அவர் இறந்தபின் 1890 இல் பாடல்களைப் பதிப்பித்தவர்கள், பிழை திருத்துவதாக எண்ணிச் சில இடங்களில் சொற்களை மாற்றி இயைபைச் சீராக்கினார்கள். அவர் எழுதியபடியே முழுமையாக வாசிக்க 1955 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. முதலாம் உலகப் போரில் போராடிய வில்பிரட் ஓவன், மெய்யோசைகளை ஒன்றாக வைத்து உயிரோசையை மட்டும் மாற்றினார். மண்டபத்தைக் குறிக்கும் 'ஹோல்', நரகத்தைக் குறிக்கும் 'ஹெல்' என்பது போல. கேட்கும்போது ஏதோ ஒன்று சரியாகப் பொருந்தாமல் நிற்கும். போரைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓசை விளங்கும். 1918 நவம்பர் 4 இல், போர் ஓய ஒரு வாரம் இருக்கையில், அவர் கொல்லப்பட்டார்.

பெற்றோருக்கு ஒரு சிறு உதவிக்குறிப்பு. பிள்ளை றைம் தேடினால், சொல்லின் முன் மெய்யோசையை நீக்கிவிட்டு, மெய்யோசைகளை ஒவ்வொன்றாக முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரெழுத்து முடிந்தால் 'ஸ்ர', 'புள' போன்ற கூட்டெழுத்துக்களை வைக்கச் சொல்லுங்கள். சில சொற்களுக்குத் துணை கிடைக்காது. மாதத்தைக் குறிக்கும் 'மந்த்', தோடம்பழத்தைக் குறிக்கும் 'ஒறேஞ்ச்' ஆகியவற்றுக்கு அன்றாடப் பேச்சில் முழு இயைபு இல்லை. அங்கே கிட்டியதைத்தான் எடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் மகளுக்குச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அப்பா, நீங்கள் சொல்லுறது பிழை இல்லை, பழசு. அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன். இங்கத்தைய பாடசாலையில் அவளுடைய 'டோ' சரி. அதை அவள் படிக்கத்தான் வேண்டும். என்னுடைய 'டோர்' எழுத்தைப் பார்த்து ஊரில் நான் கற்றது. அந்த 'ஆர்' ஒரு காலத்தில் இந்த நாட்டின் வாயிலும் இருந்ததுதான். அடுத்த பெற்றோர் சந்திப்பில் நானே வாய் திறந்து கதைத்தேன். ஆசிரியைக்கு எல்லாம் விளங்கியது.