மருத்துவரின் சாட்சியம்: ‘ஈக்வஸ்’ நாடகத்தை மறுவாசிப்பு செய்தல்

பீட்டர் ஷாஃபரின் ‘ஈக்வஸ்’ 1973இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஜான் டெக்ஸ்டரின் இயக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. 17 வயது ஆலன் ஸ்ட்ராங் தான் வேலைபார்த்த லாயத்தில் ஆறு குதிரைகளின் கண்களை இரும்பு முள்ளால் குத்திக் குருடாக்குகிறான். சிறைக்குப் போகவேண்டியவனைக் குற்றவியல் நடுவர் ஹெஸ்தர் சாலமன் மனநல மருத்துவர் மார்ட்டின் டைசார்ட்டிடம் அனுப்பிவைக்கிறார். குதிரையைத் தெய்வமாக வழிபட்ட சிறுவனின் வேட்கையை மருத்துவம் அழித்து, அவனை வெறும் சராசரி மனிதனாக்கிவிடும் என்பதே நாடகத்தின் வாதம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆர். டி. லேங் போன்ற மனநல மருத்துவர்கள் மருத்துவ நிறுவனங்களைக் கேள்விக்குள்ளாக்கிய காலத்தில் இப்படி வாசித்தது இயல்பே. ஆனால், பிரதி இந்த வாசிப்புக்கு இடம்தருகிறதா என்பதே என் ஐயம்.

குணமாக்கினால் வேட்கை அழியும் என்று சொல்பவர் டைசார்ட் ஒருவரே. அவர் சொல்வதற்கு மேடையில் நிரூபணம் கிடையாது. சிகிச்சையின் விளைவு தெரியுமுன்பே நாடகம் முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் பார்வையாளரை நோக்கிப் பேசுபவர் அவர், முடிவுரையும் அவருடையது. பெற்றோரின் விசாரணை, அறிதுயில், உண்மையை வரவழைக்கும் என்று பொய்சொல்லித் தரப்படும் வெற்று மாத்திரை என ஆலனின் கடந்தகாலம் அவருடைய விசாரணையின் வழியாகவே நமக்கு வந்துசேர்கிறது. வழக்கை நடத்துபவரே சாட்சியும் ஆகிவிடுகிறார்.

அந்தச் சாட்சியின் நிலை என்ன? டைசார்ட் காணும் கனவைக் கவனிக்கவேண்டும். ஹோமர் காலத்துக் கிரேக்கத்தில் அவர் தலைமைப் பூசாரி. பொன் முகமூடி அணிந்து, வரிசையாக வரும் குழந்தைகளின் வயிற்றைக் கீறிப் பலியிடுகிறார். குமட்டுகிறது, முகமூடி நழுவத் தொடங்குகிறது, தம் ஐயம் வெளிப்பட்டால் அடுத்த பலி தாமே என்ற அச்சம் பிடித்துக்கொள்கிறது. விழித்திருக்கும்போதோ, கிரேக்கக் கலை நூல்களைப் புரட்டுகிறார். மனைவி எதிரே பின்னல் வேலையில் மூழ்கியிருக்கிறாள். இருவருக்கும் இடையே நெருக்கம் அற்று ஆண்டுகளாகின்றன. இந்த மனிதருக்குத்தான், இரவில் ஆடையின்றிக் குதிரைமேல் பாயும் சிறுவன் பொறாமைக்குரியவனாகத் தெரிகிறான். தாம் வாழாத வாழ்வை நோயாளியின்மேல் ஏற்றிப் பார்ப்பதை உளப்பகுப்பாய்வு நன்கறியும். ஷாஃபர் அதை மறைக்கவுமில்லை. டைசார்ட்டே தம் பொறாமையை ஒப்புக்கொள்கிறார். ஹெஸ்தர் தரும் பதிலோ எளியது: சிறுவன் வலியில் இருக்கிறான், அந்த வலியை நீக்கவேண்டும். நாடகத்திலேயே மிக நேர்மையான குரல் அவருடையது என்பேன். விமர்சகர்கள் அவரை டைசார்ட்டின் புலம்பலைக் கேட்கும் துணைப்பாத்திரமாகச் சுருக்கிவிட்டார்கள்.

இருந்தும் பார்வையாளர் டைசார்ட் பக்கமே சாய்கிறார் என்றால், அதற்கு மேடைவடிவம் ஒரு முக்கியக் காரணம். குத்துச்சண்டைக் களம்போன்ற மரச்சதுரம். நடிகர்கள் யாரும் வெளியேறாமல் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஜான் நேப்பியரின் வடிவமைப்பில் குதிரைகள் பழுப்பு உடை அணிந்த நடிகர்கள். தலையில் கம்பியும் தோலும் சேர்ந்த திறந்த முகமூடி, காலில் உயர்ந்த உலோகக் குளம்பு. முகமூடிக்குள் மனித முகம் தெரிகிறது. கண்கள் குத்தப்படும் தருணமும் இதனால் சடங்காகவே தோன்றுகிறது. விலங்கின் வலி நம்மை எட்டுவதில்லை.

1977இல் சிட்னி லூமெட் இதைப் படமாக்கியபோது இந்தத் திரை விலகியது. திரைக்கதை ஷாஃபருடையதே, லண்டன் மேடையில் ஆலனாக நடித்த பீட்டர் ஃபிர்த்தே படத்திலும் ஆலன், ரிச்சர்ட் பர்ட்டன் டைசார்ட். ஆனால் குதிரைகள் நிஜக் குதிரைகள், இரத்தம் தெரிகிறது. அதைப் பார்த்தபின் பர்ட்டன் கேமராவை நோக்கிப் பேசும் பேச்சு மயக்குவதில்லை, அருவருப்பே மிஞ்சுகிறது. நாடகத்தைக் கெடுத்துவிட்டது என்று இந்தப் படத்தைக் குறைசொல்வதுண்டு. எனக்கு அது பிரதியின் உள்முரணைக் காட்டிக்கொடுத்த படமாகப்படுகிறது.

சாட்சியத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. சம்பவ இரவில் ஆலனோடு லாயத்தில் இருந்தவள் ஜில் மேசன். அந்த இரவை முழுதாக அறிய ஆலனுக்கு அடுத்தபடி அவளைத்தான் கேட்கவேண்டும். மேடையில் நாம் காணும் ஜில், ஆலனின் நினைவில் உள்ளவள் மட்டுமே. டைசார்ட் அவளை ஒருமுறைகூட நேரில் சந்திப்பதில்லை.