ஒரு பவுண்டுக்கு விலைபோன கப்பல்

ஒரு பவுண்டுக்கு என்ன வாங்க முடியும்? 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு முழுக் கப்பலையே வாங்க முடிந்தது! கப்பலின் பெயர் வேவர்லி. இரண்டு பக்கமும் பெரிய சக்கரங்கள் சுழன்று தண்ணீரைத் தள்ள, கிளைடு நதியில் ஓடிய உல்லாசக் கப்பல். அதன் விலை அந்த அளவுக்கு இறங்கிய கதையைச் சொல்ல நூற்றறுபது வருடம் பின்னால் போக வேண்டும்.

கிளாஸ்கோவுக்கு மேற்கே கிளைடு நதி கடலில் கலக்கும் இடத்தருகில் ஹெலன்ஸ்பரோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஹென்றி பெல் என்பவர் ஒரு குளியல் விடுதி நடத்தினார். நல்ல விடுதி, நல்ல காற்று, ஆனால் வாடிக்கையாளர் வந்து சேர்வதுதான் பெரும்பாடு. பெல் செய்த வேலை அந்தக் காலத்துக்கு ரொம்பத் துணிச்சலானது. நீராவி எஞ்சின் வைத்த ஒரு கப்பலையே கட்டச் சொன்னார். 1811-ல் வானத்தில் தெரிந்த வால்நட்சத்திரத்தின் நினைவாக அதற்கு 'காமெட்' என்று பெயர். 1812 ஆகஸ்டில் கிளாஸ்கோ, கிரீனாக், ஹெலன்ஸ்பரோ என்று சர்வீஸ் தொடங்கியது. நல்ல கேபினுக்கு 4 ஷில்லிங், இரண்டாம் வகுப்புக்கு 3 ஷில்லிங். ஐரோப்பாவில் பயணிகளுக்காக வியாபார ரீதியில் வெற்றிகரமாக ஓடிய முதல் நீராவிக் கப்பல் இதுதான். விடுதிக்கு ஆள் பிடிக்கப் போய் ஒரு தொழிலையே தொடங்கி வைத்துவிட்டார் மனிதர்!

ஆனால் லாபம் அவருக்குப் போகவில்லை. சில வருடங்களிலேயே பெரிய, வேகமான கப்பல்கள் போட்டிக்கு வந்துவிட்டன. காமெட்டை மேற்குக் கடற்கரைக்கு மாற்றி ஓட்டினார். 1820 டிசம்பரில் அது பாறையில் மோதி உடைந்தது. கடைசிக் காலத்தில் கிளைடு நதி நிர்வாகம் கொடுத்த 100 பவுண்டு ஓய்வூதியத்தை நம்பி வாழ்ந்து, 1830-ல் இறந்தார். புது ஐடியாவோடு முதலில் வருபவர் சந்தையை உருவாக்குவார், பணத்தை அடுத்து வருபவர் எண்ணுவார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு பக்கம், சுற்றுலாவுக்கு விளம்பரம் செய்தது ஒரு கவிதை. 1810-ல் வால்டர் ஸ்காட் எழுதிய 'ஏரியின் சீமாட்டி' என்ற நெடுங்கவிதை கேட்ரின் ஏரியைச் சுற்றி நடக்கும் கதை. புத்தகம் விற்ற வேகத்தில் ஏரியைப் பார்க்கவும் கூட்டம் கிளம்பியது. ஏரியில் துடுப்புப் போட்டுப் பயணிகளை ஏற்றிப் போனவர்களுக்கு நல்ல காலம். 1843-ல் 'ஜிப்சி' என்ற சிறிய நீராவிக் கப்பல் அங்கே வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே மர்மமாக மூழ்கிப் போனது! துடுப்புக்காரர்கள் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். சோற்றில் கை வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் வேறொரு கப்பல் வந்தது, துடுப்புக்காரர்களின் காலம் முடிந்தது. பிறகு ரயில், குதிரை வண்டி, ஏரிக் கப்பல், மறுபடி குதிரை வண்டி, லோமண்ட் ஏரியில் இன்னொரு கப்பல், கடைசியில் கிளாஸ்கோவுக்கு ரயில் என்று ஒரு முழுச் சுற்றே உருவானது. இன்றைய பேக்கேஜ் டூருக்கு இதெல்லாம் தாத்தா.

பேக்கேஜ் டூர் என்றதும் தாமஸ் குக்கைச் சொல்லாமல் விட முடியாது. மதுவை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர் அவர். 1846-ல் இங்கிலாந்திலிருந்து சுமார் 350 பேரை ரயிலிலும் கப்பலிலுமாக ஸ்காட்லாந்துக்கு அழைத்து வந்தார். கப்பலில் எல்லோருக்கும் கேபின் இல்லை, பலர் இரவைத் திறந்த தளத்திலேயே கழித்தார்கள். அதே வருடம் குக் திவாலும் ஆனார். ஆனாலும் விடாமல் மீண்டு வந்து, வருடா வருடம் ஆட்களைக் கொண்டு வந்தார். 1862-ல் ஸ்காட்லாந்து ரயில் கம்பெனிகள் அவருக்குச் சலுகை டிக்கெட் தர மறுத்துவிட்டன. கூட்டம் சேர்த்துக் கொடுத்த ஆளை ஒதுக்கிவிட்டு எல்லா லாபத்தையும் தாங்களே எடுக்கலாம் என்ற கணக்கு! வேறு வழியில்லாமல் 1863-ல் சுவிட்சர்லாந்து பக்கம் திரும்பினார் குக். அதன்பின் அவர் உலகப் புகழ் பெற்றதற்கு அந்தக் கம்பெனிகளுக்கும் கொஞ்சம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சரி, கிளாஸ்கோவின் தொழிலாளிகளுக்கு வருவோம். வாரத்தில் ஆறு நாள் ஆலை, புகை, கரி. கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். ஆனால் ஞாயிறன்று கப்பல் ஓட்டுவது பாவம் என்றது அன்றைய சமூகம். 1853-ல் 'எம்பரர்' என்ற கப்பல் ஞாயிறு பயணம் தொடங்கியபோது, கேர்லோக்ஹெட் துறையில் நிலப்பிரபுவின் ஆட்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பயணிகளும் சும்மா இருக்கவில்லை. அடிதடி நடந்து, கூட்டம் தள்ளிக்கொண்டு கரையேறியது. பணக்காரர் எந்தக் கிழமையும் சொந்த வண்டியில் உலாவலாம், ஏழை தன் ஒரே விடுமுறை நாளில் கடல் காற்று வாங்கக் கூடாதா என்பதுதான் அந்தச் சண்டையின் அடியில் இருந்த கேள்வி.

அதே வருடம் வந்த ஒரு சட்டம் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடியது. கப்பலை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை! அப்புறம் கேட்க வேண்டுமா? காற்று வாங்க அல்ல, குடிக்கவே ஏறியவர்கள் பலர். நன்றாகக் குடித்தவரை 'ஸ்டீமிங்' என்று ஸ்காட்லாந்தில் சொல்வது இந்தக் கப்பல்களால் வந்த வழக்கு என்பார்கள். 1880-ல் 'ஐவன்ஹோ' என்ற கப்பல், மதுவே கிடையாது என்ற விளம்பரத்தோடு வந்து குடும்பங்களை இழுத்தது. 1882-ல் சட்டத்தின் ஓட்டையும் அடைபட்டது.

அதற்குப் பின் வந்த முப்பது வருடம்தான் பொற்காலம். ஜூலை மாதத்துக் 'கிளாஸ்கோ ஃபேர்' விடுமுறையில் ஆலைகள் மூடும், குடும்பம் குடும்பமாக ரோத்ஸே, டனூன், லார்க்ஸ் என்று கிளம்பும். ரயில் கம்பெனிகள் கடற்கரை வரை தண்டவாளம் போட்டு, சொந்தக் கப்பல்களையும் இறக்கின. துறைக்கு முதலில் போய்ச் சேர அவை பந்தயம் விடும். 1878-ல் வந்த 'கொலம்பா'வில் தபால் நிலையமும் முடிதிருத்தும் கடையும் இருந்தன!

முதல் உலகப் போருக்குப் பின் கூரையில்லாத மோட்டார் கோச்சுகள் வந்தன, பிறகு நல்ல பஸ்கள். 1930-களில் வேலையில்லாதவர்களுக்கு டிக்கெட் எடுக்கவே காசு இல்லை, நடந்தார்கள். மில்காய் ஊருக்கு அருகே கிரெய்காலியன் ஏரிக்கரையில் எப்போதும் எரிந்த ஒரு நெருப்பைச் சுற்றி, கிளாஸ்கோ, கிளைடுபேங்க் இளைஞர்கள் டீ போட்டுக் கதை பேசிவிட்டு மலைகளுக்குக் கிளம்புவார்கள். 2012-ல் அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 1980-ல் திறந்த 154 கி.மீ. நெடும்பாதையும் அதே மில்காயில்தான் தொடங்குகிறது.

வேவர்லி 1947-ல் ஓடத் தொடங்கியது. அதே பெயருடைய முந்தைய கப்பல் 1940-ல் டன்கிர்க்கில் வீரர்களை மீட்கப் போய் மூழ்கியிருந்தது. புதியது வந்த நேரம் சரியில்லை. கார் பெருகியது, மலிவான விமானத்தில் ஸ்பெயின் போகலாம் என்றானது. மழை கொட்டும் ரோத்ஸேயை யார் தேடுவார்? 1973 சீசனோடு கப்பல் நின்றது. அடுத்த வருடம் ஆர்வலர் சங்கம் ஒன்றுக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏதோ காட்சிப் பொருளாக நிற்கும் என்றுதான் பலர் நினைத்தார்கள். சங்கத்துக்காரர்கள் நன்கொடை திரட்டி, பழுது பார்த்து, 1975-ல் மறுபடி பயணிகளை ஏற்றினார்கள்!

2019-ல் பாய்லர்கள் கெட்டு ஒரு சீசன் முழுக்க ஓடவில்லை. புது பாய்லருக்கு 23 லட்சம் பவுண்டு தேவைப்பட்டது. ஒரு பவுண்டுக் கப்பலுக்கு! மக்களிடமும் அரசிடமும் கேட்டுத் திரட்டினார்கள். 2020 ஆகஸ்டில் சக்கரங்கள் மறுபடி சுழன்றன.