உள்ளே இருப்பவர்

சென்ற மாத உரைக்குப் பிறகு ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, லலிதாம்பிகா அந்தர்ஜனம் என்று ஒரு மலையாள எழுத்தாளர். அந்தர்ஜனம் என்பது தகப்பன் பெயரோ?"

இல்லையம்மா. கேரளத்து நம்பூதிரிப் பிராமணப் பெண்களுக்கு வழங்கிய பொதுப்பெயர் அது. சமஸ்கிருதத்தில் 'அந்தர்' என்றால் உள்ளே; 'ஜனம்' என்றால் ஆட்கள். வெளியே போவதென்றால் உடலைப் போர்த்தி, முகத்தை ஓலைக்குடையால் மறைத்து, பணிப்பெண் துணையோடுதான் போகவேண்டியிருந்தது. குடும்பத்தின் மூத்த மகன் மட்டுமே சொந்தச் சாதியில் மணம் முடிப்பது வழக்கமாக இருந்தது. அதனால் பல பெண்கள் கிழவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் தாரமானார்கள். சிலருக்குக் கலியாணமே இல்லை.

சமஸ்கிருதத்தை மட்டும் குறை சொல்லக்கூடாது. தமிழில் இல்லாள், மனைவி என்ற இரண்டும் வீட்டிலிருந்து பிறந்த சொற்கள்தான். இல்லாள் வீட்டுக்குரியவள், இல்லான் என்றாலோ ஒன்றும் இல்லாதவன்! மொன்றியலுக்கு வந்தும் தப்பவில்லை. என் அம்மாவின் படிவமொன்றில், தொழில் என்ற இடத்தில் யாரோ 'ஃபாம் ஓ ஃபுவாயே' என்று எழுதிவிட்டார்கள். 'ஃபுவாயே' என்றால் வீடு. அதன் பழைய பொருள் அடுப்பு. அம்மா ஊரில் பதினொரு வருடம் படிப்பித்தவர்.

1929இல் வி. டி. பட்டதிரிப்பாடு எழுதிய நாடகம் 'அடுக்களையில் நின்று அரங்கத்தேக்கு', அதாவது அடுக்களையிலிருந்து அரங்குக்கு. அது ஆண் எழுதியது. பிறகு பார்வதி நென்மினிமங்கலம், ஆர்யா பள்ளம் போன்றவர்கள் குடையை எறிந்துவிட்டுப் பொதுமேடைக்கு வந்தார்கள். 1948இல் அந்தர்ஜனங்களே சேர்ந்து ஒரு நாடகம் ஆக்கி, தாங்களே நடித்தார்கள். பெயர் 'தொழில்கேந்திரத்திலேக்கு', வேலைத்தளத்துக்கு. எனக்கு இதுதான் கூடப் பிடிக்கும்.

லலிதாம்பிகா (1909–1987) அந்தப் பெயரை விடவில்லை, அதோடேயே எழுதினார். 1976இல் வெளியான அவரது ஒரே நாவல் 'அக்னிசாட்சி' அடுத்த வருடம் சாகித்திய அகாதமி விருது பெற்றது. கவிஞர் சிற்பி அதைத் தமிழாக்கியிருக்கிறார்.

சபனெல் தெருத் தையல் ஆலையால் வந்து, இரவில் அம்மா வாசித்த பிரதி என்னிடம் இருக்கிறது. கேட்ட அம்மா நிலையத்துக்கு வந்தால் தருவேன். ஓரங்களில் அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறார், திருப்பித் தந்துவிடவேண்டும்.