யாரைக் கேட்டு எழுதினார்கள்?

2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடந்தன. அதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் அம்பலப்படுத்தினார்கள். ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்குப் பாதிப்பு இல்லை என்று நிறுவனம் ஆய்வுகளைக் காட்டியது. தொழிலாளர்களோ தங்கள் நோய்களைச் சொல்லி 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 591 பேருக்கான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் வந்தது. நோயைச் சுமந்தவர் சொன்ன சொல் மேசையில் ஏற 15 ஆண்டுகள் ஆயின.

இந்தக் கதையோடு ஆட்டிசத்தைச் சேர்த்துப் பேசப் போகிறேன். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதரசத்தால் ஆட்டிசம் வருகிறது என்பதல்ல என் வாதம். அந்த வதந்தியைப் பரப்பாதீர்கள். நான் பேசுவது ஆய்வு பற்றி: ஒருவரின் உடலைப் பற்றி எழுதும்போது அவரைக் கேட்டார்களா என்பது பற்றி.

ஆட்டிசம் என்ற பெயரில் 11 பிள்ளைகளைப் பற்றி லியோ கான்னர் எழுதியது 1943இல். 1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இவார் லோவாஸ் என்ற உளவியலாளர் நடத்தைப் பயிற்சியைத் தொடங்கினார். 1965இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயது இரட்டைச் சிறுவர்களுக்குத் தரை வழியாக மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். 1987இல் அவருடைய புகழ்பெற்ற ஆய்வு வந்தது. 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி. 9 பேர் 'இயல்பானார்கள்' என்றது முடிவு. வகுப்பில் தேறினார்களா, அறிவுத்திறன் மதிப்பெண் ஏறியதா என்று அளந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. கட்டாயப்படுத்திக் கண்ணைப் பார்க்க வைப்பது வலிக்கிறது, கையை அசைப்பது எங்களுக்கு நிம்மதி என்று ஆட்டிசம் உள்ளவர்கள் பிற்காலத்தில் எழுதினார்கள். ஆய்வு அதைத் திருத்த வேண்டிய பழக்கம் என்று மட்டுமே கணக்கிட்டிருந்தது.

பிறகு கேள்வி கேட்டவர்களில் ஒருவர் மிஷெல் டாசன். மாண்ட்ரியலில் தபால்காரராக இருந்தவர், தானே ஆட்டிசம் உள்ளவர். 2004இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் இந்தச் சிகிச்சைக்கான அரசு நிதி பற்றிய வழக்கு நடந்தது. பெற்றோர் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம். அதில் அவர் இடையீட்டாளராக நுழைந்து, எங்களைப் பற்றிய வழக்கில் நாங்கள் எங்கே என்று கேட்டார். பின்னர் அவரே ஆய்வாளரானார். 2021இல் வெளியான ஒரு மதிப்பீடு, சிறு பிள்ளைகளுக்கான 150 சிகிச்சை ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தது. 139 ஆய்வுகள், தீங்கு ஏதும் நேர்ந்ததா என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

நமக்கு இது புதிதா தோழர்களே? 1931 வட்டமேசை மாநாட்டில், தீண்டப்படாத மக்களுக்கும் நானே பிரதிநிதி என்றார் காந்தி. அதை மறுத்த அம்பேத்கரோடு அங்கே நின்றவர் நம் இரட்டைமலை சீனிவாசன். காந்திக்கு அன்பு இல்லை என்பதல்ல சண்டை. அன்பு பிரதிநிதித்துவம் ஆகாது என்பதே சண்டை. ஹரிஜன் என்ற பெயரை நம்மைக் கேட்டு வைக்கவில்லை. 'மதியிறுக்கம்' என்ற பெயரையும் அவர்களைக் கேட்டு வைக்கவில்லை. சாதியும் ஆட்டிசமும் ஒன்றல்ல. ஒன்றாக இருப்பது, மற்றவர் வாயால் பேசப்படும் நிலை.

இந்தியச் சட்டம் இதைப் பாதி புரிந்துகொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 6, இப்படிச் சொல்கிறது: மாற்றுத்திறனாளியை ஆய்வுக்கு உட்படுத்த, அவருக்குப் புரியும் வழியில் பெற்ற சுதந்திரமான ஒப்புதல் வேண்டும். அதோடு அரசு அமைக்கும் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதோர் மாற்றுத்திறனாளிகளாக 'அல்லது' பதிவு பெற்ற அமைப்பின் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அந்த 'அல்லது'வில்தான் ஓட்டை. பெற்றோர் சங்கமும் தொண்டு நிறுவனமும் பதிவு பெற்ற அமைப்புகளில் அடங்கும். மாற்றுத்திறனாளி ஒருவர்கூட இல்லாமல் அந்தப் பாதியை நிரப்பிவிடலாம்.

பெற்றோரைக் குறை சொல்லவில்லை. தாண்டிக்குடியிலோ பூம்பாறையிலோ கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், பேச்சு வராத பிள்ளையை மலையிறக்கி மருத்துவரிடம் கொண்டுபோக ஒரு நாள் கூலியை இழக்கிறாள். அவள் போராட்டம் உண்மை. பேசாத பிள்ளையின் விருப்பத்தை எப்படி அறிவது என்ற கேள்வியும் உண்மை. ஆனால் பேசாத பிள்ளையும் விலகுகிறது, காதைப் பொத்துகிறது, அழுகிறது. அதுவும் சொல்தான். அதைப் படிக்க, அதே உணர்வை அனுபவித்து வளர்ந்தவர்கள் ஆய்வுக் குழுவில் வேண்டும். அப்படி ஆங்கிலத்தில் எழுதும் நகரத்து வசதிக்காரர்கள் மட்டும் வந்து உட்கார்ந்தால், மலையிலிருக்கும் தலித், பளியர் பிள்ளைகள் மறுபடியும் வெளியேதான்.

திண்டுக்கல், மதுரைக் கல்லூரிகளில் உளவியலும் சமூகப்பணியும் படிக்கும் தம்பி தங்கைகளே, கேள்வித்தாளோடு மலையேறும் முன் அதைத் தயாரித்தவர்களில் ஆட்டிசம் உள்ளவர் எத்தனை பேர் என்று உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள். பிரிவு 6இன்படி தமிழ்நாட்டில் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுவோம்.